முகட்டில் கிடந்த மேகம்

“…கழுத்துல துண்டு கெடக்க மாதிரி மேகம் முகட்டுலயே கெடந்தா, அது மலையாளத்துக்காரவுக மழை. எறங்கி வந்து மலையோட இடுப்பச் சுத்தினாத்தான் நம்ம மழை. இந்த ஊருக்கு வந்து எம்புட்டு வருசமாச்சு, இது தெரியாமயா மொறையத் தூக்கிக் கொடுத்தீக?”

கேட்டது என் சித்தி. தலையைக் குனிந்து நின்றது சித்தப்பா. இடம், கான்சாபுரத்துக்கு மேற்கே அவர்கள் நெல்வயலின் வரப்பு. எண்பதுகளில் ஒரு ஆடி மாதம். ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருந்த நான், வார லீவுக்கு நல்ல நேரம் பார்த்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

சித்தப்பா மேல் முழுத் தப்பையும் போட முடியாது. அவர் ஆலங்குளத்துப் பக்கம் பிறந்த மனுசர். அங்கே பூமிக்குள் சுண்ணாம்புக்கல், மேலே மானம் பார்த்த கரிசல். கறுத்த மேகம் கண்ணில் பட்டால் காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான், அது பெய்தே தீரும். மலையடிவாரத்துக் கணக்கு வேறு. மேகம் முகட்டில் உட்கார்ந்து இடி இடிக்கும், மின்னும், நமக்குச் சாரல் தெளித்து ஆசை காட்டும். தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் இறங்கி அரபிக்கடலுக்குப் போய்ச் சேரும். “விருந்து அங்கிட்டு, வாசனை இங்கிட்டு” என்று சித்தி சொல்லுவாள்.

அணைத் தண்ணீர் பிளவக்கல்லிலிருந்து கண்மாய்க்கு வரும். அங்கிருந்து வயல்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். தனக்கு வேண்டாம் என்றால் மடையடியில் நின்று, நாலு பேர் கேட்க, இன்னாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சொன்னதுதான், திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் முகட்டில் கறுத்ததைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு மனசு விரிந்துவிட்டது. ஆறே வரப்போகிறது, வாய்க்கால் தண்ணீர் எதற்கு என்று, மேல் வயல்காரம்மாவுக்கு முறையைக் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வீடு வந்தார்.

விடிந்தபோது மலை துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆற்றில் மணல்தான் கிடந்தது.

நெல் பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும். பாயாவிட்டால் கதிர் மேலாகப் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, எல்லாம் சாவி. அடுத்த முறை வரும்வரை அந்தப் பயிர் தாங்காது என்பது எனக்கே தெரிந்தது.

சித்தியின் குரலுக்கு வரப்பு ஒரு மறைப்பா? மேல் வயல்காரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றார். அவர் வயலும் நேற்றுவரை வெடித்துக் கிடந்ததுதான். இப்போது தளதளவென்று தண்ணீர்.

“ஏட்டி, எங்கண்ணன எதுக்கு இந்தக் காய்ச்சு காய்ச்சுத? மேகத்த நம்பின மனுசன்.”

“கொடுத்ததத் திருப்பிக் கேக்க வரல மதினி,” என்றாள் சித்தி. குரல் இறங்கியிருந்தது.

“நீ கேக்கவும் வேண்டாம். எனக்குக் கணுக்கால் தண்ணி நின்னாப் போதும். மிச்சத்த நான் எங்கன வடிக்க? அண்ணன நடு வரப்ப வெட்டச் சொல்லு.”

சித்தப்பா நிமிர்ந்து, அப்போதும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் ஏதாவது செய்யும் என்பது மாதிரி.  சித்தி அவர் பக்கத்தில் போய், கழுத்தில் கிடந்த துண்டை உருவி, அவர் இடுப்பிலேயே இறுக்கிக் கட்டிவிட்டு, மம்பட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.