நாலு பக்க வசவு

என் வீட்டுக்காரர் கோவர்த்தனனுக்கு ஐம்பத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் 'ஏய்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அப்படியில்லை. ஸ்வர்ணலதா என்று பேர் வைத்தார்களே தவிர, கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு எப்படிப் பொருத்தம் பார்த்தார்களோ, அந்த ஜோசியரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பிறந்தது பாலசமுத்திரம் பக்கம், நிலக்கடலை போடுகிற குடும்பத்தில். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர், இப்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் சொல்லி அனுப்புகிற கண்ட்ரோலர். கண்டக்டராக இருந்தபோது ஒரு நாள் குடிகாரன் ஒருவன் பஸ்ஸிலேயே அவர் கன்னத்தில் அறைந்துவிட்டான். மற்ற ஆட்கள் அவனை அடிக்க எழுந்தார்கள். இவர் நடுவில் நின்று, "எங்க எறங்கணும்பா?" என்று கேட்டிருக்கிறார். அவன் புத்தூர் என்றான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், புத்தூர் வந்ததும் தட்டி எழுப்பி இறக்கியும் விட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

"அடிச்சவனுக்கு டிக்கெட்டா குடுப்பாங்க?" என்றேன்.

"அவன் ஊரு வந்துச்சு இல்ல, எறங்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான் அவர் தத்துவம்.

எங்கள் வீடு கங்கம்மா கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கிறது. எங்கள் மகள் பரணிக்குப் பிறவியிலிருந்தே கால்களில் வலு இல்லை. மூன்று சக்கர ஸ்கூட்டரில்தான் போவாள், வருவாள். போன வருஷம் ஏப்ரலில் ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. எட்டுப் பத்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மூன்று மாதம் புரொபேஷன், லேட்டாகப் போனால் வேலை நிக்காது.

அதே மாதம்தான் சந்தின் நடுவீட்டு சுரேஷ்பாபு கார் வாங்கினான். சென்னை ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறான், விடிகாலையில் வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவான். அந்தக் காரைத் தாண்டி ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், பரணியின் ஸ்கூட்டர் போகாது. தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் விடலாமே என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். "நைனா, என்னை யாரும் தூக்கிக்கினு போவ வேணாம். நான் வேலைக்குப் போறேன், ஆஸ்பத்திரிக்கு இல்ல," என்று பரணி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருந்தது.

அதனால் தினம் எட்டு மணிக்கு இவர் போய் சுரேஷ்பாபு வீட்டுக் கதவை மெல்லத் தட்டி, சொந்தத் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார். "தம்முடு, பாப்பா போவணும், கொஞ்சம் வண்டிய எடுப்பா." அவன் முனகிக்கொண்டே எழுந்து வந்து காரைப் பின்னால் எடுப்பான். ஏதோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கெடுத்தது நான்தான்.

ஒரு நாள் இவர் காலை டியூட்டிக்குப் போய்விட்டார். நான் போய்க் கதவை இடித்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அப்புறம் தெருவே கேட்க, அவன் தூக்கத்தில் ஆரம்பித்து, கார், அதை வாங்கிய நாள், அவன் பரம்பரை எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வந்தேன். மறுநாளிலிருந்து அவன் ஒன்பது மணிக்கு முன்னால் சாவியைத் தொடவில்லை. "வதினெ வந்து ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லட்டும், அன்னா. அப்புறம் எடுக்கிறேன்," என்று இவரிடம் சொல்லிவிட்டான். வதினெ என்றால் அண்ணி, நான்தான்.

நானா? அவனிடமா? செத்தாலும் மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் இவருக்கு இரண்டு வாசலில் வேலை. எட்டு மணிக்கு அவன் வாசலில் நின்று, "தம்முடு, கொஞ்சம் எடுப்பா." ராத்திரி சோறு துன்னும்போது என்னிடம், "லதா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடேன்." குரல் ஒரே குரல், ஒரு நாளும் ஏறவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கார்ப்பரேஷனில் கம்ப்ளெய்ன்ட் கொடுங்கள் என்றேன். "அவன் தூங்காம வண்டி ஓட்டுறவன் லதா. கேக்கலாம். இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கேக்கலாம்," என்றார். இதற்குள் பரணி ஐந்து நாள் லேட்.

மே மாதம் கங்கம்மா ஜாத்திரை வந்தது. எங்கள் ஊர் ஜாத்திரையில் ஆண்கள் நாளுக்கு ஒரு வேஷம் கட்டுவார்கள். வேஷம் கட்டியவன் தெருவில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷனும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அம்மா பேசுகிறாள் என்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு மூளை வேலை செய்தது. கோயிலுக்குப் போய், "அம்மா, என் வீட்டுக்காரர் உனக்கு வேஷம் கட்டித் திட்டுவார்," என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டுதல் என்றால் அவர் தட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். திட்டத் தெரியாதவராயிற்றே என்று, நானே உட்கார்ந்து பரணியின் பழைய நோட்டில் சுரேஷ்பாபுமேல் நாலு பக்கம் வசவு எழுதியும் கொடுத்தேன்.

வேஷத்துக்கு முந்தின சாயங்காலம் பரணி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "நாளைக்கும் லேட் ஆனா வர வேணாம்னு சொல்லிட்டாங்க." நாளைக்கு இருக்கிறது சுரேஷ்பாபுவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் இவர் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டி நின்றார். எட்டு அடிக்கும்போது சுரேஷ்பாபு வாசலில் இருந்தார். தெருவே கூடிவிட்டது. கண்ட்ரோலர் திட்டுவதை ஜென்மத்தில் ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா? பரணி ஸ்கூட்டரில் காருக்கு இந்தப் பக்கம் காத்திருந்தாள். சுரேஷ்பாபு பனியனோடு வெளியே வந்து, வாங்கிக்கொள்ளத் தயாராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இவர் குங்கும மூஞ்சிமேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இடுப்பிலிருந்து என் நோட்டுத் தாள்களை எடுத்துப் பிரித்தார்.

"அடே கோவர்த்தனா," என்று ஆரம்பித்தார்.

அவர் பேரை அவரே சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எருமை மாட்டுக்குப் பொறந்த கோவர்த்தனா. ஊர் பஸ்ஸுக்கெல்லாம் வழி உட்டியே, பெத்த பொண்ணு போவ வழி பண்ண முடியல, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" பேரும் நடுவில் வந்த பஸ் பேச்சும் அவர் சொந்தச் சரக்கு, மற்றதெல்லாம் என் கையெழுத்து. ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. சுரேஷ்பாபு கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டான்.

மூன்றாம் பக்கத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கட்டையில போற கோவர்த்தனா. உன் வீட்டுல வெளக்கேத்த ஆளில்லாம…"

வேஷத்தில் சொன்னது பலிக்கும் என்று நம்புகிறவள் நான். யாருக்கோ என்று எழுதினபோது இனித்தது. அவர் பேரோடு காதில் விழுந்தபோது கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. எப்படி ஓடினேன் என்று தெரியாது, போய் அவர் வாயைப் பொத்தினேன். அதே நேரம் இன்னொரு கை வந்து தாளைப் பிடித்தது. "வத்தன்னா, சாலு," என்றான் சுரேஷ்பாபு. வேண்டாம் அண்ணா, போதும் என்று கெஞ்சினான், கண் கலங்கியிருந்தது.

இரண்டு பேரும் அவருக்கு ரெண்டு பக்கமும் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"தப்புப்பா. அன்னிக்கி நான் பேசினது தப்பு," என்றேன். சொல்லிவிட்டால் செத்துப் போவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, நெஞ்சில் பாரம்தான் குறைந்தது.

"பரவால்ல வதினெ," என்று சொல்லிவிட்டுச் சாவி எடுக்க உள்ளே ஓடினான்.

எட்டுப் பன்னிரண்டுக்குப் பரணியின் ஸ்கூட்டர் சந்தைத் தாண்டியது. போகிற போக்கில் அப்பாவைப் பார்த்து, "நைனா, மூஞ்சியக் கழுவிக்கினு போங்க, பஸ் ஸ்டாண்டுல பயந்துடப் போறாங்க," என்றாள்.

அன்றிலிருந்து சுரேஷ்பாபு காரைச் சந்து முனையில், வேப்பமரத்தடியில் நிறுத்துகிறான். இருந்தாலும் இவர் எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் அவன் வாசலில் போய் நிற்பார். கேட்க ஒன்றும் இல்லாததால் வெறுமனே நின்றுவிட்டு வருவார்.

ஜூலையில் பரணிக்கு வேலை நிரந்தரம் என்று லெட்டர் வந்தது. அன்றைக்குக் கேசரி கிளறிக்கொண்டே, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏங்க, அன்னிக்கி நாங்க வந்து தடுக்கலன்னா நாலு பக்கமும் படிச்சிருப்பீங்களா?"

"படிச்சிருப்பேன்."

"அவன் எடுப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் ரெண்டாம் பக்கத்துலயே கட்டின கைய அவுத்துட்டான் லதா," என்றார், தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே. "நீ வர்ற வரைக்கும்தான் படிச்சிக்கினு இருந்தேன்."