தேங்காயெண்ணெய் பூசிய கையுறை

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்குக் குளிர்காலம் வந்துவிட்டதைத் தேங்காயெண்ணெய்ப் போத்தல்தான் முதலில் சொல்லும். ஒரு நாள் காலையில் தலைக்கு வைக்கக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடக்கும். அன்றிலிருந்து வெயில் வரும்வரை அதற்கு இடம் ஹைசுங்கின் மேல்தான். சுவரோடு பொருத்திய அந்தச் சூடேற்றியின் மேல் வேறெதையும் வைக்க எனக்கு அனுமதி இல்லை. இது எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும், கல்யாணம் கட்டிய வருடத்திலிருந்தே தெரியும். இதை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்திருங்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் நான் ஒரு புது வேலையில் சேர்ந்திருந்தேன். அதுவரை ஒரு பெரிய உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். ஜன்னல் கிடையாது. வேலை முடிந்து படியேறி மேலே வந்தால்தான் வெளியே மழையா வெயிலா என்று தெரியும். புது வேலை, அடுக்குமாடி வீடுகளின் முற்றங்களைப் பராமரிக்கிற நிறுவனம் ஒன்றில். சருகு கூட்டுவது, செடி வெட்டுவது, பனி கொட்டினால் பாதையிலிருந்து தள்ளி உப்புப் போடுவது. முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று. வானத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய விடுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் ப்ரோபசைட் இருந்தது. அதுதான் சோதனைக் காலம். வசந்தம் வரை வைத்துப் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் திரும்பவும் அந்த நிலவறைக்குப் போக மனமில்லை.

கெடுதல் கையில் வந்தது. வேலையிடத்தில் தந்த துணிக் கையுறை பனியில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். மார்கழி பிறந்தபோது என் விரல்கள் மொளிக்கு மொளி வெடித்துப் புண்ணாகிவிட்டன. பனி தள்ளுகிற சவளைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு தடவை கை நழுவி, ஒரு தடவை மேற்பார்வையாளரின் காலிலேயே விழுந்தது. அவர் நல்ல மனிதர், காலைத் தடவிக்கொண்டு சவளை எடுத்துத் தந்தார். அடுத்த நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சவளைப் பிடிக்க முடியாத ஆளை நான் எப்படி வைத்துக்கொள்வது? நல்ல தோல் கையுறை வாங்குங்கள். கை ஆறாவிட்டால் முடியாது என்றுதான் நான் எழுத வேண்டிவரும்” என்றார்.

அன்று மாலையே கணவரையும் இழுத்துக்கொண்டு கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கக் கையுறை. கல்யாணத்துக்குச் சேலை எடுத்தபோதுகூட நான் அவ்வளவு தடவிப் பார்த்ததில்லை. சொரசொரப்பான உள்தோல் மலிவு, ஆனால் தண்ணீரைக் குடிக்கும். வழவழப்பான மேல்தோல் அவ்வளவு லேசில் குடிக்காது. ஆட்டுத்தோல் மெல்லியது, விரலுக்குச் சுகம், உப்பும் சரளைக்கல்லும் அள்ளினால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை. உள்ளே கம்பளிக் கையுறை போட இடம் வேண்டும், அதிகம் இடம் இருந்தால் பிடி நழுவும். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு சவளை எடுத்து வந்து, ஒவ்வொரு சோடியாகப் போட்டு, இல்லாத பனியைக் கடை நடுவில் தள்ளிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் உதவி வேண்டுமா என்று தூரத்தில் நின்றே கேட்டாள். என் கணவர் கதவுப் பூட்டுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

என் கைக்குப் பொருந்தியது ஒரே ஒரு சோடிதான். அது மாட்டுத்தோல்.

இங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. என் கணவர் கோயில் தொண்டர். வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டையின் நிழல்கூட விழக் கூடாது. ஆடு என்றால் பரவாயில்லை, நாங்கள் சாப்பிடுகிறோம்தானே, சாப்பிடுகிறதைப் போடலாம் என்பது அவருடைய நியாயம். மாட்டை எப்படி வீட்டுக்குள் எடுப்பது? நீங்கள் இடுப்பில் கட்டியிருக்கிற பெல்ட் என்ன கத்தரிக்காய்த் தோலோ என்று கேட்டேன். குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். அது வேறு கதை என்றார். பிறகு, நான் வாங்கிய கையுறையோடு வீட்டு வாசலுக்கு வந்ததும், சமாதானத்துக்கு வந்தார்.

“சப்பாத்து எங்கை நிக்குது? சாமி அறையிலையோ? வாசலுக்கு வெளியாலை. அப்ப இதுவும் வெளியாலை நிக்கட்டும்.”

வெளியே என்றால் பால்கனி. நான் ஒப்புக்கொண்டேன். வேலை போகாமல் இருந்தால் போதும் எனக்கு.

தோலைத் தண்ணீர் புகாமல் பதப்படுத்த வேண்டும் என்று கையுறையோடு வந்த துண்டில் எழுதியிருந்தது. அதற்கென்று விற்கிற மெழுகு டின்னையும் கடையில் பார்த்திருந்தேன். என் கணவர்தான் டின்னின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இதில் என்னென்ன கொழுப்புக் கலந்திருக்கிறதோ என்று திரும்ப வைத்துவிட்டார். வீட்டில் இல்லாத எண்ணெயா?

“தலைக்கு வைக்கிறம், விளக்குக்கு விடுறம், கதவுக் கீலுக்கும் விடுறம். தோலுக்கு மட்டும் ஏலாதோ?” என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். ஹைசுங்கின் மேலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். எடுத்த கை சுட்டது. அப்போதும் மூளை வேலை செய்யவில்லை.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசற்படியில் பத்திரிகை விரித்து, அவர் அந்த மாட்டுத்தோலுக்கு எண்ணெய் முழுக்காட்டினார். வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்றவர் விரல் விரலாகப் பிடித்து உருவினார். தையல் ஓரமெல்லாம் தேய்த்தார். தோல் நன்றாகக் குடிக்கிறது, பாவம், தாகமாக இருந்திருக்கிறது என்றார். பிறகு இரண்டையும் பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அன்றிரவு நல்ல உறைபனி.

விடிய முன்னர் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தேன். கொடியில் இரண்டு வெள்ளைக் கைகள் விரல் விரித்து எனக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தன. தட்டினேன். மரப்பலகை மாதிரிச் சத்தம் வந்தது. அவரை எழுப்பித் திட்ட நேரமில்லை, பஸ் போய்விடும். மடியில் வைத்துக் கொஞ்சம் இளக்கி, கையைத் திணித்துக்கொண்டு ஓடினேன்.

முற்றம் முழுக்கப் பனி. என் விரல் ஒன்றும் மடியவில்லை. சவளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டபடி நின்றேன். மேற்பார்வையாளர் வந்து என் கையையும் சவளையும் பார்த்துவிட்டுப் போனார். இன்றைக்கே எழுதிவிடுவார் என்று நினைத்தேன். ஓடிப்போய் எங்கள் வாகனத்தின் முன்மூடியில் இரண்டு கையையும் அழுத்தி வைத்தேன். இயந்திரம் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் மடிந்தது, முற்றமெல்லாம் வெள்ளையப்பம் சுடுகிற வாசனை எழுந்தது. என்னோடு வேலை செய்தவர்களுக்குப் பசி வந்துவிட்டது.

ஒரு விஷயம் உடனே விளங்கியது. கை அசைந்து சூடாக இருக்கும்வரை கையுறை சொன்னபடி கேட்கும். தண்ணீரும் உள்ளே வராது. நின்றால் இறுகிவிடும். ஆகவே நான் நிற்கவில்லை. மற்றவர்கள் சிகரெட் பற்றவைத்தார்கள், நான் தள்ளினேன். கோப்பி குடித்தார்கள், நான் தள்ளினேன். என் பாதை முடிந்தது, அவர்களுடைய பாதைக்கும் போனேன். கோப்பியை வாங்கினால் கோப்பையோடு கை உறைந்துவிடும் என்று எந்த மொழியில் விளக்குவது? வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மேற்பார்வையாளர் கோப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நான் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மெழுகு டின்னை வாங்கினேன். தேன்மெழுகு கலந்தது. டின்னில் யாரைக் கொன்றிருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்த கணவர் பால்கனி வாசற்படியில் திரும்பவும் பத்திரிகை விரித்தார். எண்ணெயைச் சூட்டில் இளக்கித் துணியால் ஒற்றி எடுத்தோம். தலைமுடி உலர்த்தியால் தோலை இளஞ்சூடாக்கி, பழைய பல்துலக்கியால் தையலுக்குள் மெழுகைத் தேய்த்தோம். ஆறவிட்டு இன்னொரு பூச்சு. ஹைசுங்கில் வைக்கவில்லை, தோல் சுருங்கிவிடும். குழாயைத் திறந்து கையுறையைக் காட்டினால் தண்ணீர் சேம்பிலையில் உருளுவது போல் உருண்டு ஓடியது. அவரும் ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு விரல் மெல்ல மெல்ல ஆறியது. நானும் மனிசர் மாதிரி நின்று கோப்பி குடித்தேன். ஒரு கிழமை பொறுத்து, உடம்பு சரியில்லையா, முன்னைப்போல ஓடவில்லையே என்று மேற்பார்வையாளர் கவலையோடு விசாரித்தார். வசந்தத்தில் நிரந்தரக் கடிதத்தைத் தந்தபோது, பனிக்காலத்தில் ஒரு நாள் நீங்கள் ஓய்வே எடுக்காமல் வேலை செய்தீர்களே, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். உண்மையைச் சொல்ல எனக்கென்ன விசரா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். உங்களுடைய எண்ணெயால்தான் வேலை நிரந்தரமானது என்றேன். மனிதர் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். கையுறை மட்டும் பால்கனியிலேயே கிடந்தது.

புரட்டாதியில் ஆயுத பூசை வந்தது. சாமி அறையில் வழக்கம்போல அவருடைய ஸ்க்ரூ ஆணி முடுக்கிகள், கார்த் திறப்பு, என் சமையல் கத்தி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். பால்கனிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாழையிலையின் நடுவில், சரஸ்வதிக்கு நேர் முன்னால், என் கையுறைகள் இருந்தன. துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். அவர் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பொட்டை எங்கை வைக்க? மேலையோ, உள்ளங்கையிலையோ?”

“உள்ளங்கையிலை வையுங்கோ. அதுதான் தேஞ்சது.”