எர்த் குழியில் என் முகம்

எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸாக இருந்தபோது செய்த வேலைகளை எல்லாம் படம் பிடித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வந்தேன். தேனியில் பயிற்சிப் பொறுப்பாளர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த முறை தேர்வு எழுத முடியும். ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரை மட்டுமே நாலு கோணத்தில் எடுத்து வைத்திருந்தேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கப்பா இருக்க?"

"நான்தான் சார் எடுத்தேன்."

"அதாம்ப்பா கேக்குறேன். கல்யாணத்துல போட்டோ புடிச்சவனா மாப்பிள்ள?"

மற்ற வேலைகளைப் பட்டறையில் அவர் முன்னால் செய்து காட்டிவிடலாம். மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை என்ன செய்வது? மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டுக்கு நானே தோண்டி, கரியும் உப்பும் அடுக்கி மூடிய குழி அது. இப்போது அதன்மேல் சிமெண்ட் தளம்.

வெளியே வந்து நின்றபோதுதான் அந்த வீட்டு அண்ணன் நினைவுக்கு வந்தார். விவசாயி. மண்ணைத் தோண்டினால் சூடம் காட்டாமல் மூடக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். பாதி நிரம்பிய குழிக்குள் என்னை நிற்க வைத்துவிட்டு, அவர் மனைவி கடைக்குப் போய்ச் சூடம் வாங்கி வரும்வரை வேலையை நிறுத்திவிட்டார். எனக்கோ சின்னமனூரில் அடுத்த வேலை காத்திருந்தது. எரிச்சலான எரிச்சல். ஆனால் அந்த அக்கா கையில் அன்றைக்குப் போன் இருந்ததே?

உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, குழிக்குச் சூடம் காட்டுனத வீடியோ எடுத்தீகளா?"

"எடுக்காமயா? கம்பத்துல இருக்க எங்க அண்ணனுக்கு அனுப்புனேன்ல. நீதான் மொகத்த உம்முன்னு வச்சிருந்த."

"அந்த உம்மு மொகந்தான்க்கா வேணும்."

கடையில் வாங்கிய டீ ஆறும் முன்னே வீடியோ வந்துவிட்டது. சூடப் புகைக்கு நடுவே இடுப்பளவுக் குழியில் நான். எர்த் பைப்பில் கம்பி மாட்டி, ஸ்பானரால் நட்டை முறுக்கிக்கொண்டே இருக்கிறேன். வீட்டு அண்ணன் குரல் கேட்கிறது: "ஏலே, முறுக்குனது போதும், சாமியக் கும்புடு."

பொறுப்பாளர் இரண்டு தடவை பார்த்துச் சிரித்தார். மற்றவற்றையும் பட்டறையில் மாட்டிக் காட்டி முடித்த அன்று கையெழுத்து விழுந்தது. படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"கையெழுத்துப் போட்டாகளா?"

"போட்டாகக்கா."

"அப்ப வா, அந்தக் குழி மேல இன்னொரு சூடம் காட்டிருவோம். இந்தத் தடவயாச்சும் சிரிச்சுக்கிட்டு நில்லு."