கடலுக்குப் போன மோட்டார் சைக்கிள்

வவுனியாவில் உறவினர் வீடொன்றில் சில வருடங்கள் ஒண்டியிருந்துவிட்டு, புளியங்குளத்துக்கு அருகே எங்கள் வளவுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு வளர்ந்து நின்றது. அம்மா கிணற்றைத் தேடிப் போனார். சண்டைக்காலத்தில் செல் விழுந்து வெடித்ததில் அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, விழுந்து கிடந்த கொட்டில் பக்கம் நடந்தார். கூரைத் தகரத்தை நானும் அவரும் இழுத்து எடுத்தோம். கீழே ஏதோ ஒரு பெரிய விலங்கு படுத்துத் தூங்குவது போல இருந்தது. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். சக்கரக் கம்பிகளுக்குள்ளால் பாகற்கொடி புகுந்து, கைபிடியில் ஏறி, மஞ்சளாகப் பூத்திருந்தது. தகரம் மூடியிருந்ததால்தான் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

“கலியாணம் முடிச்ச அண்டைக்கு அம்மாவை இதிலைதான் ஏத்திக்கொண்டு வந்தனான்” என்றார் அப்பா. நான் நம்பவில்லை. பூப்பூத்த ஒரு சாமான் ஓடும் என்று எப்படி நம்புவது?

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அப்பா அதனோடுதான் இருந்தார். வயலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, தகரப் பந்தலின் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். கறள் பிடித்த நட்டுகளைப் பால்மா வந்த தகர ரின்னில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போடுவார். ஊறியவற்றைத் துடைத்து வரிசையாக வைப்பது என் வேலை. சில சாமான்களுக்காகப் பழையதைப் பையில் சுற்றிக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறுவார். பல நாட்கள் அதே பழையதோடு திரும்பி வருவார். சந்தியில் கராஜ் வைத்திருந்தவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “அண்ணை, இதை இரும்புக்குப் போடுங்கோ” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

சக்கரங்களைக் கழற்றிக் கல்லுகளின் மேல் நிறுத்தியிருந்த நாட்களில்தான் அந்த மோட்டார் சைக்கிள் மிக அதிக தூரம் ஓடியது. பின்னேரங்களில் அப்பா என்னைப் பெற்றோல் தாங்கியில் இருத்தி, தான் பின்னால் அமர்ந்து, வாயால் எஞ்சின் சத்தம் போடுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். “நெடுங்கேணி வந்திட்டுது... ஒட்டுசுட்டான்... இது முள்ளியவளை. இனிக் கடல் மணக்கும், பார்.” எனக்கு மண்ணெண்ணெய்தான் மணத்தது. கடலையே பார்த்திராத நான், முல்லைத்தீவுக் கடல் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னை முன்னால் வைத்து அங்கே ஓட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லியும் வைத்தேன்.

எஞ்சின் பூட்டி முடிந்த நாளில், வலது பக்கம் இருந்த, எஞ்சினை உதைத்துக் கிளப்பும் கிக்கரை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பொய்க்காலால் உதைத்தார், வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. குசினிப் பக்கம் திரும்பி, “இஞ்சை ஒருக்கா வாரும்” என்றார். அம்மா மா பிசைந்த கையோடு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, நாலாவது உதையில் அதை எழுப்பிவிட்டார். வெண்புகை பந்தலை நிறைத்தது. இருவரும் அதற்குள் காணாமல் போனார்கள். சத்தம் மட்டும் இருந்தது. புகை கலைந்தபோது, அப்பாவின் நீலச் சேட்டின் தோளில் வெள்ளையாக ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

அடுத்த நாள் அப்பா தனியாக ஏறி, வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் ஓட்டினார். வளைவில், பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வேலியோடு போய் விழுந்தார். அம்மா ஓடிப் போய் முதலில் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார், பிறகு அப்பாவைத் தூக்கினார். மூன்று நாட்கள் அது சாக்கு மூடியபடி நின்றது. நாலாம் நாள் அப்பா சாக்கை எடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“நீர் ஏறும். நான் சொல்லித் தாறன்.”

“எனக்கு ஏலாது. ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கிற ஆக்கள் வந்து எங்களை ஏத்திக்கொண்டு போகட்டும்.”

அறுவடை முடிந்த வயலில் அம்மா ஓட்டப் பழகினார். நடுவில் அப்பா ஒரு தடியை ஊன்றி நிற்க, அவரைச் சுற்றிச் சுற்றி அம்மா போவார். மாலை வெயிலில் புழுதி எழுந்து, மோட்டார் சைக்கிள் நிலத்தைத் தொடாமல் போவது போலத் தெரியும். கொக்குகள் எழுந்து எழுந்து உட்காரும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் வரம்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தது இதையல்ல.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் அவர்கள் நின்றார்கள். அம்மா முன்னால். அப்பா பின்னால், அம்மாவின் தோளில் கை வைத்தபடி. “உன்ரை அப்பா பின்னாலையோ இருக்கிறார்?” என்று ஒருத்தி கேட்டாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, வேலியில் விலகியிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து, வயல் வழியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைத் தேடி அலைந்துவிட்டு வந்த அம்மா கையை ஓங்கினார். “விடும், பிள்ளை நடந்து வர ஆசைப்பட்டிருக்கும்” என்றார் அப்பா. அன்று முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் கடலுக்குப் போனோம். அம்மா ஓட்ட, நான் நடுவில், எனக்குப் பின்னால் அப்பா. காட்டுக்குள் பனி இன்னும் விலகவில்லை. தெருவைக் கடந்த ஒரு மயில் எங்களுக்காக அவசரப்படவில்லை. அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்து அரைத் தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அப்பாவின் இடது முழங்கால் என் தொடையோடு அசைவதை உணர்ந்தேன். அம்மா இடது காலால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்னால், அப்பாவின் பாதம் ஒன்றுமில்லாத இடத்தில் ஒருமுறை அழுந்தி எழுந்தது.

“கால் உளையுதோ அப்பா?”

“ஓம் குஞ்சு. கொஞ்சம்.”

பள்ளிக்கூடத்தில் ஒளிந்ததற்கு ஈடாக அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போல எனக்கு இருந்தது. இரண்டு கைகளாலும் அந்த முழங்காலைச் சுற்றிப் பிடித்து, ஆடவிடாமல் அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் அது என் கைகளுக்குள் துடித்தது. பிறகு அடங்கிவிட்டது. கடல் தெரியும் வரை நான் பிடியை விடவில்லை.