சோப்பக்கா வைத்த கறை

“நிறுவனத்தின் கண்ணாடிகளைக் கடைசி நாள் வரை கறையின்றிப் பராமரித்தவர்.” வேலையை விட்டு நின்ற நாளில் கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. கெட்டித் தாள், தங்க நிற ஓரம், எழுத்துப்பிழை இல்லை. உண்மையும் இல்லை.

ஆறு மாடி அலுவலகம் ஒன்றின் வெளிக்கண்ணாடிகளைத் தொங்குமேடையில் நின்று துடைப்பது அவர் வேலை. உடன் இருந்தவர்கள் சோப்பக்கா என்பார்கள். அந்தப் பெயர் பின்னால் வந்தது. முன்னால் வந்தது ஒரு கேள்வி.

கிழக்குச் சுவரின் அடியில் காலையில் பறவைகள் செத்துக் கிடக்கும். வாசல் காவலர் கூட்டி ஓரமாகத் தள்ளுவார். “வயசாயிடுச்சு போல,” என்பார். ஒருநாள் கிடந்தது மீன்கொத்தி. நீல இறகு கலையவில்லை. உடம்பில் சூடு கூட ஆறவில்லை.

“வயசான பறவையெல்லாம் நம்ம ஆபீசைத் தேடி வந்தா சாகுது, அண்ணே? இங்க என்ன பென்ஷனா குடுக்குறாங்க?” என்று கேட்டார் அக்கா.

“எனக்கே குடுக்கல. அதுக்கு எங்க?”

அக்கா நாட்காட்டியில் குறித்துவந்தார். செவ்வாய் துடைப்பு, புதனன்று நான்கு, ஐந்து. தூசி படியப் படியச் சாவு குறைந்தது. ஒரு செவ்வாய் இடப்பாதியை மட்டும் துடைத்து, வலப்பாதியை அப்படியே விட்டார். மறுநாள் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஒன்றுமில்லை. ஆராய்ச்சி என்ற சொல்லெல்லாம் அவர் வாயில் வரவில்லை. வீட்டில் தங்கையிடம், “அதுங்களைக் கொல்றது நான்தான்டி,” என்றார்.

“கரப்பானைப் பாத்தாலே கட்டில்மேல ஏறுறவ நீ!” என்று தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

பாதி துடைத்ததற்கு முதல் மெமோ. அடுத்த வாரம் முழுவதையும் பளிச்சென்று துடைத்துவிட்டு, சோப்புக் கட்டியால் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு புள்ளி வைத்தார். புதனன்று பறவை எதுவும் விழவில்லை. இரண்டாவது மெமோதான் விழுந்தது. மூன்றாவது வந்தால் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் பெயர் இருக்காது.

மேலாளர் கூப்பிட்டார். “ஏம்மா, பறவைக்குக் கண்ணாடி கூடவா தெரியாது?”

“நமக்கே தெரியல சார். முகம் பாக்குறதையும் கண்ணாடிங்குறோம், சன்னல்ல மாட்டுறதையும் கண்ணாடிங்குறோம். நான் துடைச்சா இது அதுவாயிடுது. எதிர்ல நிக்குற மரம் அப்படியே உள்ள தெரியுது. அது மரத்துக்குத்தான் போகுது சார்.”

மேலாளர் திரும்பித் தன் சன்னலைப் பார்த்தார். பிறகு, “புள்ளியை அழிச்சிடும்மா. வர்றவங்க கேக்குறாங்க.”

“அழிக்கிறேன். விழுறதை நீங்க பொறுக்கிக்கிறீங்களா சார்?”

மாலைக்குள் மூன்றாவது மெமோ வந்தது. அக்கா தினக்கூலியாகச் சாமான் கிடங்குக்குப் போனார். அங்கே சன்னலே கிடையாது.

செவ்வாய்தோறும் கண்ணாடியை வேறொருவர் துடைத்தார். மாலையில் ஆபீஸ் கலைந்ததும் காவலர் தொங்குமேடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாக வேறு பக்கம் பார்ப்பார். மேலாளர் அறை கிழக்குப் பக்கம்தான். புள்ளிகள் அவர் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தினக்கூலிக்குச் சான்றிதழ் தரும் வழக்கம் அங்கே இல்லை. அக்காவுக்கு மட்டும் அதை எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டவரும் அந்த மேலாளர்தான்.

பதினோரு ஆண்டுகள், செவ்வாய் மாலைகளில், யாரோ துடைத்த கண்ணாடியில் நான்கு விரலுக்கு ஒன்றாக அக்கா கறை வைத்தார்.