பிரெஞ்சுக்காரர் தந்த சிடி

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் இரும்புத் தகடு அடிக்கும் புது பிரஸ் மெஷின் பொருத்த வந்த பிரெஞ்சு இன்ஜினியர், ஊருக்குக் கிளம்பும்போது எல்லோருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு சிடி. வேலை நேரத்தில் நான் பாட்டு முணுமுணுப்பதைப் பார்த்திருப்பார் போல. அவர்கள் நாட்டு நாட்டுப்புறப் பாட்டும் ராக் பாட்டும் பல குழுக்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. சென்ட் கிடைத்திருந்தால் மனைவியாவது சந்தோஷப்பட்டிருப்பாள் என்று எரிச்சலாக வந்தது.

மத்திகிரியில் மாடியில் வாடகை வீடு. மனைவி மத்தூர்க்காரி, அப்போது முதல் குழந்தை வயிற்றில். புதிதாக வாங்கிய டிவிடி பிளேயரில் சிடியைப் போட்டோம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஒரு பாட்டு, ஆடு மேய்ப்பவன் தனியாகப் பாடுவதுபோல் இருக்கும். அடுத்தது கிட்டாரும் டிரம்ஸுமாக முடிவே இல்லாமல் ஓடும். ஆனாலும் பிடித்துப்போனது. ஷிப்டு விட்டு வந்தால் அதைத்தான் போடுவேன்.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் படியேறி வந்தார். "ஏம்ப்பா, சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணு. தெருமுனை வரிக்கும் கேக்குது." வாடகைக்கு இருப்பவன் பாட்டுக் கேட்டாலும் குற்றமா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகச் சிடியைக் கடைசிவரை ஓடவிட்டேன். பாட்டு ஒன்று முடிந்து, வெகுநேரம் அடுத்தது வரவில்லை. சிடியில் கீறல் விழுந்திருக்கும் என்று எழுந்துபோய் நிறுத்தினேன்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? நல்லா ஊதினு இருந்தாங்களே," என்றாள் மனைவி.

"எதை?"

"புல்லாங்குழலுதான்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். திரும்பப் போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்து உட்கார்ந்தேன். டிரம்ஸ் கேட்டது. கிட்டார் கேட்டது. இரண்டும் அடங்கின.

"இப்ப?"

"வருதுங்க."

"இப்ப?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரஸ் ஷாப்பில் மெஷின் இரைச்சலுக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர்களை நாங்கள் கிண்டலடிப்போம். தமிழ்ப் பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. எல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டவை. காதுக்கு எட்டாததை ஞாபகம் போட்டு நிரப்பியிருக்கிறது. இந்தப் பாட்டு மனப்பாடம் இல்லை, மாட்டிக்கொண்டேன். பயமாக இருந்தது.

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே அசைவு தெரிந்தது. அவள் பேச்சு எனக்குப் பழக்கம், பாதி விழுந்தாலும் மீதியைப் பிடித்துக்கொள்வேன். பிறக்கப்போகிற குழந்தையின் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை.