நாற்பத்தைந்தில் வந்த சத்தம்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள்கூட வராது. கல்யாணமான புதிதில் முசரவாக்கம் ஏரிக்கரையில் பின்னால் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். சைக்கிளும் நானும் சரிந்து கிடந்தோம், அவர் மட்டும் எப்படியோ நின்றுகொண்டிருந்தார். அதோடு அந்தப் பாடத்தை விட்டுவிட்டோம். தினமும் காலையில் அவரைக் காஞ்சிபுரத்தில் அவர் வேலை செய்யும் பட்டுப்புடவைக் கடையில் இறக்கிவிட்டு, நான் ஸ்கேன் சென்டருக்குப் போவேன். அங்கே எக்ஸ்ரே எடுக்கிறேன்.

பழைய ஸ்கூட்டர் இனி ஓடாது என்று ஆனதும், குட்டி க்ரூஸர் பைக் ஒன்று வாங்கலாம் என்றேன். சீட் தாழ்வாக இருப்பதால் என் உயரத்துக்கு இரண்டு காலும் நன்றாக ஊன்றும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் அதை ஒரு நாள் சிக்னலில் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஷோரூமில் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அரக்கு நிற டேங்கைப் புடவையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"பாடி சூப்பரா இருக்குதுமா. பார்டருதான் இல்ல" என்றார்.

பார்டர் வேலை அந்த வாரமே ஆரம்பமானது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு ஆக்சஸரீஸ் மாட்டித் தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் எங்களைவிடச் சின்னவர், எதைக் கேட்டாலும் "மாட்டிடலாம்கா" என்பார். கீழே விழுந்தால் என்ஜினைக் காப்பாற்றும் கார்டு எனக்கு வேண்டியிருந்தது, மாட்டினார். என் வீட்டுக்காரருக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள பேக் ரெஸ்ட் வேண்டியிருந்தது. அதைப் பூட்டியதும் ஏறி உட்கார்ந்து, சலூன் நாற்காலியில் ஷேவிங்குக்குச் சாய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். எழுப்பி இறக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் தொங்கும் பைகளுக்குக் கடைக்காரர் கறுப்பை எடுத்து வைத்தார்.

"கறுப்பா? அரக்குக்கு மாம்பழக் கலர் போடுபா. கல்யாண ஜவுளி எடுக்க வர்றவங்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்" என்றார் இவர். மாம்பழக் கலர் பை எங்கிருந்தோ வந்தது. கடைசியாக முன்னால் ஒரு கண்ணாடி, காற்று மூஞ்சியில் அடிக்காமல் இருக்க. அதற்கு அவர் வைத்த பேர் முந்தானை.

ஓட்டத் தெரியாதவர் பராமரிப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டார். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை, நானே பார்க்காத பக்கம் வரைக்கும் படித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்து, எண்ணெய் ஸ்ப்ரே அடித்து, புடவை சுற்றி வரும் வெள்ளைத் துணியால் துடைப்பார். டயரில் காற்று பார்ப்பது, நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் அவர்தான். முதல் சர்வீஸ் முடியும்வரை வேகம் ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். நான் ஐம்பதைத் தொட்டாலே தோளில் தட்டுவார். ஷேர் ஆட்டோ எங்களை முந்தும், பால் வண்டி முந்தும். நாங்கள் ராஜா ராணிபோல அசையாமல் போய்க்கொண்டிருப்போம். சிரித்துச் சிரித்து என் கன்னம் வலிக்கும்.

கண்ணாடி மாட்டிய மறுநாள்தான் அந்தச் சத்தம் வந்தது. நாற்பத்தைந்தைத் தொட்டதும் மெல்லிசாக, நீளமாக, "ம்ம்ம்" என்று. வேகத்தைக் குறைத்தால் நின்றது, திரும்ப நாற்பத்தைந்துக்குப் போனால் வந்தது.

"இன்னாங்க, ஏதோ சத்தம் கேக்குதே?"

"எனக்கு ஒண்ணியும் கேக்கலியே" என்றார் பின்னாலிருந்து.

புது வண்டி. நேரே ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். "உன் கண்ணாடிதாம்பா கத்துது" என்றேன். கடைக்காரர் பதறிப்போய்த் தானே ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பின்னால் அவர் உட்கார்ந்து வந்தார். அப்போதும் இல்லை. என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினால், வந்துவிட்டது.

"அண்ணன் வெயிட்டுதான்கா" என்று அடுத்த நாள் கடைக்காரர் முடிவு சொன்னார். பின் ஷாக் அப்சார்பரை இறுக்கினார். சத்தம் போகவில்லை. மாம்பழப் பைகளைக் கழற்றினோம். போகவில்லை. பேக் ரெஸ்ட்டைக் கழற்றியபோது என் வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு ஆளை உள்ளே அனுப்பியவர்போல உட்கார்ந்திருந்தார். அதற்குள் முதல் சர்வீஸும் வந்தது. ஷோரூமில் என்ஜின் ஆயில் மாற்றினார்கள், செயின் தொய்வைச் சரி செய்தார்கள், வண்டி தங்கமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கம் ரங்கசாமி குளம் தாண்டியதும் "ம்ம்ம்" என்றது.

கடைக்காரருக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு மாலை கடையைப் பூட்டிவிட்டு, "கூரம் ரோடுல வண்டி கம்மியா இருக்கும்கா. அண்ணனை வெச்சுக்கினு நான் ஓட்டுறேன். நீங்க என் ஸ்கூட்டர்ல பக்கத்துலயே வந்துக்கினு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க" என்றார்.

அப்படியே போனோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். கடைக்காரர் முப்பது, நாற்பது என்று ஏற்றினார். நான் ஒட்டி வந்து முதலில் சக்கரத்தைப் பார்த்தேன், பிறகு சைலன்சரை, செயினை. எதுவும் ஆடவில்லை. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டேன். நிற்க முடியவில்லை, ஒரு கிலோமீட்டர் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தேன். அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"வந்துச்சுக்கா! எனக்கும் கேட்டுச்சு! எங்கேர்ந்து?" என்று கத்தினார் கடைக்காரர்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"அங்க இல்லபா. மேல. மேல!"

"நானா?" என்றார் என் வீட்டுக்காரர். "நான் எதுக்குமா சத்தம் போடுறேன்? வாயே தொறக்கல."

"வாயத் தொறக்காமத்தான் பாடுறீங்க!"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நிரூபிக்கிறேன் என்று என் பின்னால் ஏறி, உதட்டை இறுக்கிக்கொண்டார். நாற்பதில் சத்தமில்லை. நாற்பத்தைந்தில் ஒரு காற்று வந்தது, நாற்று வாசனையோடு. கொஞ்ச நேரத்தில், மெல்லிசாக, "ம்ம்ம்."

"இப்ப?" என்றேன்.

சத்தம் சட்டென்று நின்றது. பிறகு வண்டி குலுங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர்தான் யோசித்துச் சொன்னார். கண்ணாடி போடும்முன் காற்று சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது, அண்ணன் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் வந்திருப்பார். "அப்ப என் கண்ணாடி நல்லாத்தான் வேலை செய்யுது" என்று அவருக்கு ஒரே பெருமை.

"நாள் பூரா பேசிப் பேசிப் புடவைய விக்கிறேன். உன் பின்னாடி உக்காந்தா எனக்கு ஒரு வேலையும் இல்லமா. அது பாட்டுக்கு வந்துடுது போல" என்றார் என் வீட்டுக்காரர். வெட்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

நான் அந்த ஹெல்மெட்டின் மேல் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன்.

மறுநாள் பேக் ரெஸ்ட்டும் பைகளும் திரும்ப ஏறின. மாட்டி முடித்ததும் கடைக்காரர் கேட்டார், "சர்வீஸ்தான் முடிஞ்சிடுச்சே அக்கா. அறுபதுல போனா இன்னா வரும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று வீட்டுக்கு நேரே போகாமல் பைபாஸ் பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஐம்பது தாண்டியது. ஐம்பத்தைந்து தாண்டியது. அறுபதில் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, லாரிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் அலறினார்: "யம்மா... மெதுவா போம்மா!"

ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, மூச்சு வாங்கினார். பிறகு டேங்கின் மேல் படிந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"இன்னொரு வாட்டி போலாமா?" என்றார்.